தீவகத்தின் கதை – 23: அப்பாவின் கோப்பும் பிள்ளையின் கொப்பியும்

1990 ஆகஸ்டில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் நடந்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் முற்றுகையில் இருந்த படையினரை மீட்க இராணுவம் தீவுகளில் இறங்கியது. இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பலர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அவர்கள் எவர், எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்ற கேள்விகளோடு அந்தப் பகுதி முடிந்தது.

அந்த வீடுகளில் மிஞ்சியவர்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதிலும் முக்கியமாக, ஒரு பொதுக்காரியத்தில் இறங்கியதற்காகத் தந்தையோ தாயோ தண்டிக்கப்பட்ட வீடுகளைப் பற்றி. உரிமை கேட்டவர், செய்தி எழுதியவர், காயப்பட்டவருக்காகக் காவலரணில் போய்ப் பேசியவர் என்று, யாழ்ப்பாணத்தை அண்டிய இந்தத் தீவுகளில், நமது தீவகத்தில், அப்படிப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் வரலாற்றில் ஏறியது. அவர்களுடைய பிள்ளைகளின் அரிசிக்கும் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் யார் பொறுப்பு நின்றார்கள் என்பதை நமது வரலாறு இன்னும் எழுதவில்லை.

மணியோடரில் ஓடிய வீடுகள்

தீவகத்தின் பொருளாதாரம் தெரியாமல் இந்தக் கதை விளங்காது. உவர் நிலம், குறைந்த நன்னீர், பனை, மீன்பிடி, கொஞ்சம் புகையிலை. இவற்றை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நிமிர முடியாது. ஆகவே புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆண்கள் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் போய்க் கடை வைத்தார்கள், கடையில் நின்றார்கள். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். வீடு மாதாமாதம் வரும் மணியோடரில் ஓடியது. உழைப்பவர் ஒருவர், உண்பவர் ஆறேழு பேர். அந்த ஒருவர் மறியலுக்குப் போனால் அடுத்த மாதமே தபாற்காரர் படலையில் நிற்காமல் போய்விடுவார்.

1956 இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் அரசு கண்டுகொண்ட பலமான ஆயுதம் இதுதான். ஆளை அடிக்கவே தேவையில்லை, வயிற்றில் அடித்தால் போதும். சிங்களம் சித்தியடையாத தமிழ் உத்தியோகத்தர்களின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. செல்லையா கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் தன் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, 1967 இல் உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனார். சட்ட வரலாற்றில் அது ஒரு பெரிய வழக்கு. குடும்பக் கணக்கில் பார்த்தால், ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் பல வகுப்புகளைக் கடந்துவிடும் காலம்.

1961 பெப்ரவரி 20 இல் இந்த மொழிக் கொள்கையை எதிர்த்து யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஊர்காவற்றுறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் அப்போது வ. அ. கந்தையா. கரம்பொன்னைச் சேர்ந்த வ. நவரத்தினம் தமிழரசுக் கட்சியின் முன்னணியில் நின்றார். ஏப்ரல் நடுப்பகுதியில் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் பனாகொடை முகாமில் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். சட்டத்தரணியின் வீடும் நிலபுலம் உள்ளவரின் வீடும் அந்த மாதங்களை ஒருவாறு தாங்கின. பின்வரிசையில் உட்கார்ந்து அடி வாங்கிய கூலித் தொழிலாளியின் வீடு எப்படித் தாங்கியது என்பதற்குப் பதிவு இல்லை.

நன்னீர்க் கிணறு

அடி எப்போதும் கொழும்பிலிருந்தே வந்ததென்று இல்லை. 1971 இல் புங்குடுதீவில், கண்ணகி அம்மன் கோயிலருகே இருந்த நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டிருந்தது. தீவில் நன்னீர் என்பது உயிர். அந்த உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம். ஈழத்து இலக்கியச் சிந்தனையைப் புரட்டிப்போட்ட ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ நூல்களை எழுதியவர். பொலிஸ் அவரைத் தாக்கியது, சிறையில் வைத்தது. அதன்பின் அவரது உடல்நிலை தேறவில்லை. 1973 ஏப்ரலில், 40 வயதைத் தொடுமுன்னரே இறந்தார்.

அவரது எழுத்தை அவரது தம்பி மு. பொன்னம்பலமும் நண்பர்களும் காப்பாற்றித் தந்தார்கள். அவர் வழி வந்த சு. வில்வரத்தினம் அந்தச் சிந்தனையைத் தன் கவிதையில் எடுத்துச் சென்றார். ஒரு மனிதரின் எண்ணங்களைச் சுற்றத்தார் தத்தெடுத்துக் கொண்டார்கள் என்றே சொல்லலாம். அதே கிணற்றடியில் குடத்தோடு நின்ற ஏழைக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு சுற்றம் வாய்க்கவில்லை. சாதிக்கு எதிராக நின்றவனுக்கு வயலிலும் தோட்டத்திலும் வேலை மறுப்பதும், கடையில் கடன் மறுப்பதும் யாழ்ப்பாணத்துக்குப் பழகிய தண்டனைகள். கிணற்றில் தண்ணீர் கேட்ட தகப்பனின் பிள்ளை அடுப்பில் உலை ஏறாமல் படுத்தது. அந்தப் பசியை உண்டாக்கியவர்கள் நம்மவர்கள். இதைச் சொல்லாமல் கடற்படையைப் பற்றியும் இராணுவத்தைப் பற்றியும் மட்டும் எழுதினால் இந்தத் தொடர் நேர்மையாக இராது.

பால் கொடுத்தவரும் குற்றவாளி

ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1924 இல் பிறந்தவர் சொ. அ. டேவிட். கட்டடக் கலைஞர். இலங்கையிலும் வெளிநாட்டிலும் நல்ல உத்தியோகம் பார்த்தவர். திருமணம் செய்யவில்லை. 1970களின் நடுப்பகுதியில் வவுனியாவில் மருத்துவர் சோ. இராஜசுந்தரத்தோடு சேர்ந்து ‘காந்தீயம்’ இயக்கத்தைத் தொடங்கினார். 1977 கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு வந்த மலையகக் குடும்பங்களை வன்னி எல்லையில் குடியமர்த்துவதே அதன் பெரிய வேலையானது. வடகிழக்குக் கிராமங்களில் காந்தீயம் பாலர் பாடசாலைகளை நடத்தியது. ஊர்ப் பெண்களைப் பயிற்றி ஆசிரியர்களாக்கியது. பிள்ளைகளுக்குப் பாலும் உணவும் கொடுத்தது. இனத்தின் பேரால் தாக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒழுங்காக உதவி செய்த முயற்சிகளில் நம்மிடையே இது முன்னோடியானது.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டார்கள்: 25ஆம் திகதி 35 பேர், 27ஆம் திகதி 18 பேர். இரண்டாவது நாள் கொல்லப்பட்டவர்களில் இராஜசுந்தரம் ஒருவர். உயிர் தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அந்த ஆண்டு செப்டெம்பரில் நடந்த சிறையுடைப்பில் வெளியேறினார். நெடுங்காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்துவிட்டு 2015 இல் தாயகம் திரும்பி, அவ்வாண்டு ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

இதிலிருந்து ஊர்கள் ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டன. தண்டிக்கப்பட்டவனின் பிள்ளைக்குக் கொடுத்தால் கொடுத்தவனும் தண்டிக்கப்படுவான். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது. அதன் நிழல் உதவி செய்யும் கையின் மேலும் விழுந்தது. 2014 மார்ச்சில் வெளியான வர்த்தமானி 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தபோது, ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்த மாமாவும் சித்தப்பாவும் ஊருக்குக் காசு அனுப்பவே யோசித்தார்கள். தம் பெயர் அதில் இல்லாவிட்டாலும், யாருக்கு அனுப்பினால் யார் வீட்டுக்கு விசாரணை வரும் என்று அஞ்சினார்கள்.

மூன்று மகள்களின் தந்தை

2000 ஒக்டோபர் 10 இல் பொதுத் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் நடந்த வாக்கு மோசடியையும் மிரட்டலையும் பற்றித் துணிந்து செய்தி அனுப்பியவர் பிபிசி செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன். தமிழ்ப் பத்திரிகையான வீரகேசரிக்கும் சிங்களப் பத்திரிகையான ராவயவுக்கும் எழுதியவர். தேர்தல் முடிந்து 9 நாட்களில், ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், பாதுகாப்புச் சோதனைகள் நிறைந்த யாழ் நகரில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை யன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டு எறிந்தார்கள். தந்தை கத்தியால் வெட்டப்பட்டார். தாயும் மருமகனும் காயப்பட்டார்கள். நிமலராஜனுக்கு மனைவியும் மூன்று மகள்களும் இருந்தார்கள்.

தீவகத்தில் அப்போது செல்வாக்கோடு இருந்த ஈபிடிபி கட்சியைச் சேர்ந்த சிலர் சந்தேகத்தில் கைதானார்கள். கட்சி குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டது. 2021 இல் சட்டமா அதிபர் திணைக்களம் சந்தேகநபர்களுக்கு எதிராக மேலே செல்வதில்லை என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இங்கிலாந்துப் பொலிஸ் இதே கொலை தொடர்பாக ஒருவரைக் கைது செய்தது. குடும்பம் எப்போதோ நாட்டை விட்டுப் போய்விட்டது. கனடா அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது.

2001 நவம்பர் 28 இல் ஊர்காவற்றுறைக்குத் தேர்தல் பரப்புரைக்குப் போன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டார்கள். இருவர் கொல்லப்பட்டார்கள். மாவை சேனாதிராசா உட்படப் பலர் காயப்பட்டார்கள். யாழ் மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது 2016 இல். அதுவரை 15 ஆண்டுகள். அன்று முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் உயர்தரப் பரீட்சையும் எழுதி முடித்திருக்கும்.

2006 ஆகஸ்ட் 20 இல் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் காணாமல் ஆக்கப்பட்டார். மக்கள் தஞ்சம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் தேவாலயம் எறிகணைக்கு இலக்கானபோது காயப்பட்டவர்களை வெளியேற்றக் கடற்படையினரிடம் மன்றாடியவர் அவர். அன்று அவரோடு ஒரு குடும்பஸ்தரும் போனார். அவரும் திரும்பவில்லை. அருட்தந்தையின் பெயர் உலக மன்றங்கள்வரை போனது, போகத்தான் வேண்டும். அவருடன் போனவர் பிள்ளைகளின் தகப்பன். நாம் அந்த நாளை நினைவுகூரும்போது அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கணக்கையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

2011 டிசம்பர் 9 இல் லலித் குமார் வீரராஜும் குகன் முருகானந்தனும் யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டார்கள். மறுநாள் மனித உரிமைகள் நாளில் காணாமல் போனோருக்காக ஓர் ஆர்ப்பாட்டம் நடத்த அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குகனுக்குச் சின்ன மகள் ஒருத்தி இருந்தாள். ஊரார் பிள்ளைகளின் தகப்பன்மாரைத் தேடப் போன தகப்பனை, பிறகு அவள் தேட வேண்டியதாயிற்று.

தமிழ் ஆயுத இயக்கங்களும் மாற்றுக் கருத்தாளரைக் கொன்றன. 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர் ராஜினி திராணகமவுக்கு இரண்டு மகள்கள். அந்தக் கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று அவரது சக பணியாளர்கள் எழுதினார்கள். பிள்ளையின் பசிக்கு இயக்கமும் இல்லை, கட்சியும் இல்லை.

சான்றிதழ் இல்லாமல் சல்லிக்காசு இல்லை

இனி அரசு என்ன கொடுத்தது என்று பார்ப்போம். நெடுங்காலம் இழப்பீடு மரணச் சான்றிதழோடு கட்டப்பட்டிருந்தது. கணவன் இறந்துவிட்டான் என்று மனைவி கையெழுத்து வைத்தால் காசு வரும். வைக்காவிட்டால் வராது. கைவிலங்கோடு வீட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர் எங்கே என்று சொல்லாத அரசுக்கு, அவர் செத்துவிட்டார் என்று மனைவியே எழுதிக் கொடுக்க வேண்டும். பல தாய்மார் அந்தக் கையெழுத்தை வைக்கவில்லை.

2016 இல் சட்டம் திருத்தப்பட்டுக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. அதே ஆண்டு காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும், 2018 இல் இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறின. காணாமல் போனோர் அலுவலகம் 2018 இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கை, நிரந்தர வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாவும், பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியாக மாதம் 2,000 ரூபாவும் கொடுக்கப் பரிந்துரைத்தது. பிள்ளையின் படிப்பைத் தனி வரியாக எழுதிய ஆவணம் அது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6,000 ரூபா கொடுப்பனவு இடம்பிடித்தது. 2022 மார்ச்சில் அமைச்சரவை ஒரே தடவையில் 1 இலட்சம் ரூபா கொடுப்பதாக முடிவெடுத்தது.

2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருந்த தாய்மார் அந்தக் காசை வேண்டாம் என்றார்கள். தங்களுக்கு வேண்டியது நீதி என்றார்கள். கொழும்பில் சிலருக்கு இது பிடிவாதமாகப் பட்டது. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1 இலட்சத்தை வாங்கினால் கோப்பு மூடப்படும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு முப்பது வருட அனுபவம் காரணம்.

எனது நோக்கில் பிழை இங்கேதான் இருக்கிறது. தகப்பனுக்கு என்ன நடந்தது என்று சொல்லுவதும், செய்தவரைத் தண்டிப்பதும் அரசு தீர்க்க வேண்டிய ஒரு கடன். பிள்ளை வளரும்வரை சோறும் படிப்பும் மருந்தும் கிடைக்கச் செய்வது வேறொரு கடன். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றதைத் தள்ளுபடி செய்யப் பார்த்தார்கள். ஆகவே தாய் நீதியைக் காக்கப் பிள்ளையின் உதவியை உதற வேண்டியதாயிற்று. எந்தத் தாயையும் இந்தத் தெரிவுக்குத் தள்ளக் கூடாது.

காகிதம் பெறுவதே ஒரு பாடு. நெடுந்தீவுத் தாய் ஒருத்தி யாழ்ப்பாணத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டுமென்றால் விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். கடல் பொங்கினால் படகு இல்லை. கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் என்று ஒன்று குறைந்தாலும் இன்னொரு பயணம், இன்னொரு நாட்கூலி நட்டம்.

அமெரிக்காவில் இரண்டு சிறுவர்

இதே கேள்விக்கு உலகத்தின் வேறொரு மூலையில் கிடைத்த பதிலைச் சொல்கிறேன். 1953 ஜூன் 19 இல் ஜூலியஸ், எதெல் ரோசன்பேர்க் தம்பதியர் சோவியத்துக்கு அணுகுண்டு இரகசியம் கொடுத்த வழக்கில் நியூயோர்க் மாநிலச் சிறையொன்றில் கொல்லப்பட்டார்கள். மகன்மார் மைக்கேலுக்கு 10 வயது, றொபேர்ட்டுக்கு 6. அவர்கள் தங்கியிருந்த நியூ ஜேர்சி ஊரின் பாடசாலை, வெளியூர்ப் பிள்ளைகள் என்று சொல்லி அவர்களை நீக்கியது. பெற்றோரின் வழக்கறிஞர் இமானுவேல் புளொக் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டிப் பிள்ளைகளுக்காக ஒரு நிதியம் அமைத்தார். 1954 தொடக்கத்தில் அவர் இறந்தார். ஆனால் நிதியம் நின்றது. ஆபெல், ஆன் மீரோபோல் தம்பதியர் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

வளர்ந்த றொபேர்ட் மீரோபோல் 1990 இல் ரோசன்பேர்க் பிள்ளைகள் நிதியத்தைத் தொடங்கினார். பொதுக்காரியத்தில் ஈடுபட்டதற்காக வேலை இழந்த, சிறை சென்ற, தாக்கப்பட்ட, கொல்லப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது உதவுகிறது. பாடசாலைக் கட்டணம், உளவளத்துணை, இசை வகுப்பு, விடுமுறை முகாம் எல்லாம் அதில் அடங்கும். பணம் பெரும்பாலும் நேராகப் பாடசாலைக்கோ மருத்துவருக்கோ போகும். ஜூலியஸ் உளவு வேலையில் இருந்தார் என்பது பின்னாளில் வெளியான ஆவணங்களில் தெரிந்தது. எதெலைப் பற்றிய வாதம் தொடர்கிறது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் 6 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது மாறாது. தாய் தகப்பனின் கோப்பைப் பிள்ளையின் பெயரில் திறக்கக் கூடாது.

இதை நமக்குச் சொல்ல அமெரிக்கா தேவையில்லை. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்பது தீவகத்தின் நெடுநாள் நம்பிக்கை. நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. படகில் வந்து இறங்குபவரிடம் நீ யார் பிள்ளை, எந்தப் பக்கம் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். காப்பியத்தில் மணிமேகலை அந்தப் பாத்திரத்தோடு சோழனின் சிறைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறிட்டு, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கக் கேட்டாள். குற்றத்தை விசாரிப்பது அரசனின் வேலை, பசியைத் தீர்ப்பது அறத்தின் வேலை என்று பிரித்து வைத்த மரபு நம்முடையது.

செய்யக் கூடியது

சிறுவர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 2ஆம் உறுப்புரை, பெற்றோரின் செயலுக்காகவோ கருத்துக்காகவோ பிள்ளையைத் தண்டிக்கவோ பாகுபடுத்தவோ கூடாது என்கிறது. இலங்கை இதை ஏற்றுக்கொண்டது 1991 ஜூலையில். அதே ஆண்டில்தான் தீவக மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். ஏற்றுக்கொண்ட கடமை இன்னும் அரசின் தலையில்தான் இருக்கிறது. பிள்ளையின் மாதக் கொடுப்பனவுக்குப் பெற்றோரின் மரணச் சான்றிதழோ நீதிமன்றத் தீர்ப்போ நிபந்தனையாக இருக்கக் கூடாது. அதை வாங்குவதால் எந்த வழக்கும் முறைப்பாடும் பலவீனப்படாது என்று சட்டத்தில் எழுத்தில் வர வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. தீவகத்தின் பல ஊர்களுக்கு வெளிநாட்டில் சங்கம் இருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. கோயில் கோபுரங்களுக்கும் தேர்களுக்கும் கோடிகளைத் திரட்டிக் காட்டியவர்கள் நாம். அந்தச் சங்கங்கள் சேர்ந்து ஒரு பொது நிதியம் அமைக்கலாம். உதவி நேராகப் பாடசாலைக்கும் விடுதிக்கும் ரியூசன் நிலையத்துக்கும் உளவளத் துணையாளருக்கும் போகட்டும். பிள்ளையை மேடையேற்றிக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். உதவி பெறும் பிள்ளையின் பெயர் அதை நிர்வகிக்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இராணுவத்தால் தகப்பனை இழந்த பிள்ளைக்கும் இயக்கத்தால் தாயை இழந்த பிள்ளைக்கும், சாதிக்கு எதிராக நின்று வேலை இழந்தவனின் பிள்ளைக்கும் ஒரே விண்ணப்பம் இருக்கட்டும். உதவி ஒருமுறை கொடுத்து முடிவதாக இல்லாமல், உயர்தரம் முடித்துத் தொழிலோ பல்கலைக்கழகமோ கைகூடும்வரை நீளட்டும். உறவினர் உள்ள பிள்ளைக்கு மாமன் இருக்கிறார். உறவில்லாத பிள்ளைக்கு ஊர் இருக்க வேண்டும்.

பொதுக்காரியத்துக்குப் போகிறவரை வீட்டார் மறிப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுத்தான். அந்தக் கேள்விக்கு ஊர் பதில் சொல்லாத வரைக்கும், வயிற்றில் அடிக்கும் ஆயுதம் அடிப்பவன் கையில் கூர் மழுங்காமல் இருக்கும். பிள்ளைகளை நாங்கள் பார்ப்போம் என்று தீவகம் ஒரு குரலில் சொல்லி, சொன்னபடி மாதாமாதம் செய்து காட்டினால் அந்த ஆயுதம் பாதி பலம் இழக்கும். இதைக் கருணையாக நினைத்துச் செய்ய வேண்டாம். நமக்காக நின்றவர்களுக்கு நாம் கட்ட வேண்டிய கடன் இது, தவணையும் ஏற்கெனவே தவறிவிட்டது.

(தொடரும்)

அடுத்த பகுதியில்: 1991 இடப்பெயர்வு. தீவுகள் வெறிச்சோடிய கதை.